நூறு சொல் போர்

வாழ்க கோப்பக்கா! பதினோராண்டு துறை அலுவலகம் காத்த தாள்குலத் தலைவி, முத்திரைமை தோய்ந்த முன்கையாள், காகிதம் விழுங்கிய அச்சுப்பொறியின் வாய்பிளந்து மீட்ட மறமகள்! அவள் புகழ் பாட நா ஒன்று போதாது; இருப்பது ஒன்றுதான் என்பதால் அதைக் கொண்டே தொடங்குகிறேன்.

ஆண்டுதோறும் அவள் பணிபுரி பல்கலைக்கழகத்தில் ஊழியர்தம் உழைப்பை ஐந்து மதிப்பெண்ணுக்கு அளந்திடும் பெருவேள்வி நடக்கும். மூன்று போட்டால் காரணம் வேண்டாம். நான்கு போட்டாலோ, துறைத்தலைவர் நூறு சொற்களில் காரணம் எழுதியாக வேண்டும். ஆகவே, "எப்பவும் போல போட்டுடுங்கம்மா" என்று துறைத்தலைவராம் பேராசிரியப் பெருந்தகை ஆண்டுதோறும் திருவாய் மலர, அக்காவே தன் படிவத்தில் தன் கையாலேயே மூன்று போட்டு அனுப்பி வந்தாள். ஒரே ஒரு நான்கு விழுந்தால் மேற்பார்வையாளர் பதவி. பத்து முறையும் விழவில்லை.

இவ்வாண்டோ மேலிடத்து ஆணை முரசென அதிர்ந்தது: தலைவர்களே தம் கையால் தட்டுக! மாலை ஐந்துக்குள் முடித்திடுக! முடிக்காதார் துறைக்குக் கணினியே மூன்றிடும்!

நான்கரைக்கு அக்கா களம் புகுந்தாள்.

"சார், இந்தத் தடவை நாலு. போடாம நான் நகரமாட்டேன்."

நாற்பது பக்க ஆய்வுரையை மூச்சுவிடாமல் எழுதும் அவ்வண்ணல், அரவம் கண்ட தேரையெனச் சமைந்து, ஒற்றை விரலை வேலென ஓங்கி, 'நல்லவர்' என்றொரு சொல் எய்தார். இன்னும் தொண்ணூற்றொன்பது என்றது கணினி.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க இங்க என்னதான் வேலை பாக்குறீங்க?"

அச்சொல் செவி சுட, அக்காவின் விழிகள் செந்தழலாயின. மின்விசிறி அஞ்சி ஒரு சுற்று நின்று சுழன்றது. பக்கத்து அறை முனைவர் மூவர் கதவைத் தாழிட்டனர்.

"டைம்டேபிள் யார் போடுறது? பரீட்சை ஹால் சாவி யார்கிட்ட இருக்கு? தலையில மாட்டிக்கிட்டே மூக்குக்கண்ணாடியைத் தேடுவீங்களே, யார் எடுத்துக் குடுக்கிறது? அதையும் அடிங்க!"

அடித்தார் அண்ணல். கார்கால மாரியெனச் சொற்கணை பொழிந்து, தொண்ணூற்றிரண்டில் அம்பறாத்தூணி வெறுமையாயிற்று. மணி நான்கு ஐம்பத்தெட்டு.

"இன்னும் எட்டு வார்த்தைக்கு நான் எங்கம்மா போவேன்?"

"நல்லவருக்கு முன்னால 'மிக'ன்னு எட்டுத் தடவை போடுங்க. மேல யாரும் படிக்கமாட்டாங்க சார். பத்து வருஷமா அனுப்புறவளுக்குத் தெரியாதா?"

மிக! மிக! மிக! என எட்டுக் கணையும் எண்டிசை அதிரப் பாய, நூறு நிறைய, சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை நோக்கி வாளென நிமிர, 'அனுப்பு' எனும் பொத்தானின் தலையில் பேராசிரியரின் ஆள்காட்டி விரல் இடியேறெனத் தன் முழு எடையோடும் இறங்கிற்று.

அக்காவுக்கு நாலு கிடைத்தது, மேற்பார்வையாளராகி வேறு துறைக்குப் போய்விட்டாள்.