மூன்று ஸ்பூன் ரம்

மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தைக் காணோம்.

தையலம்மா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். அங்கே இருக்காது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் ஒரு தடவை தேடிவிட்டுக் கோபப்பட்டால்தானே கோபத்துக்கு ஒரு மரியாதை? ஆறு மாதத்துக்கு முன்னால் வந்திருந்த நாத்தனார், "கடையில காட்டி இதே அளவுல எனக்கு ஒண்ணு வாங்கிட்டுத் திருப்பித் தந்துடறேன்" என்று கழற்றிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து எதை அரைத்தாலும் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கேட்டால், "ஒரு ரப்பருக்கா இப்படி?" என்பாள். கேட்காவிட்டால் ரப்பர் வராது. இதில் நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தெருவில் எல்லாருக்கும் அவள் தையலம்மாதான். வீட்டின் சின்ன அறையில் ஒரு தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, கொக்கியில் கை வைக்காத சட்டைகள் நாலு. பதினோரு வருஷமாக அந்த அறைதான் அவளுக்குக் கடை. கதவைச் சாத்திக்கொண்டு அவள் தன்னிஷ்டத்துக்கு மூச்சு விடுகிற ஒரே இடமும் அதுதான்.

போன புதன்கிழமை நாத்தனார் போன் செய்து தன் தம்பியிடம், அதாவது தையலம்மாவின் கணவரிடம், ஒரு செய்தி சொன்னாள். அவள் மகன் இந்த ஊர்க் காலேஜில் சேரப் போகிறான். நாலு வருஷமும் இந்த வீட்டில்தான் இருப்பான். மெஷினைத் தூக்கிப் பால்கனியில் போட்டுவிட்டால் சின்ன அறை அவனுக்குத் தாராளம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்து அறையை அளந்துகொண்டு போவாள். கேட்கவில்லை, பாருங்கள். சொன்னாள்.

"பால்கனியில சாரல் அடிக்குமே," என்றாள் தையலம்மா.

"பிளாஸ்டிக் ஷீட் போட்டுக்கலாம்," என்றார் கணவர். பள்ளிக்கூடத்தில் கிளார்க். மற்றவர்களிடம் நன்றாகவே பேசுவார். அக்கா என்று வந்துவிட்டால் மட்டும் அவர் வாய் சாப்பாட்டு நேரத்து ஆபீஸ் ஜன்னல் மாதிரி சாத்திக்கொள்ளும்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல நாத்தனார் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். இனிப்பை அவளே கொண்டு வருவாளாம். தையலம்மாவுக்குத் தையல்தான் வருமாம், அடுப்படி வராதாம். தையல்தான் வரும் என்றால் அந்தத் தையலைப் பால்கனிக்குத் துரத்துவானேன்? இந்தக் கேள்வியைத் தையலம்மா மூன்று நாளாக மெஷினிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மனுஷர்களிடம் கேட்க வாய் வரவில்லை. அவள் சுபாவம் அப்படி. கோபம் தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்று திரும்பிப் போய்விடும்.

அதனால்தான் சோர்பே செய்வதென்று முடிவு கட்டினாள். ஏப்ரன் தைக்க வந்த கேக் கடைக்காரம்மா சொல்லிக்கொடுத்த பண்டம் அது. பாலே சேராத ஐஸ்கிரீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளம்ஸ் பழத்தை அரைத்து, சர்க்கரை கலந்து, மூன்று ஸ்பூன் ரம் விட்டு, ஃப்ரீசரில் வைத்தால் ஆயிற்று. நாத்தனாரின் ஏழு தலைமுறையில் யாரும் செய்திராத இனிப்பு. மூன்று ஸ்பூனுக்கு மேல் ரம் போனால் உறையவே உறையாது என்று கடைக்காரம்மா விரலை ஆட்டி எச்சரித்திருந்தாள்.

அந்த வீட்டில் குடிக்கிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் பாட்டில் ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற அன்று கிளார்க்கின் கையில் திணித்துவிட்டுப் போனது. வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் வாங்கி வந்த மனுஷர், மாமியார் அறை அலமாரியின் உச்சியில் கம்பளிகளுக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்தார். வைத்து நாலு வருஷம். சனிக்கிழமை காலையில் தையலம்மா நாற்காலி போட்டு ஏறி எடுத்தபோது மாமியார் கட்டிலை விட்டு எழுந்தே விட்டார்.

"அந்தச் சனியனை ஏம்மா தொடறே? இருக்கிற இடத்துல இருந்துட்டுப் போகட்டுமே."

"மூணே ஸ்பூன்தான் அத்தை."

மாமியார் திரும்பக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அதிகம் பேசாத மனுஷி. டிவியில் யாராவது கிளாஸைத் தூக்கினால்கூட சேனலை மாற்றிவிடுவார். சில வருஷத்துக்கு முன்னால் ராப்பகலாக இருமிக்கொண்டிருந்தார். டாக்டர் கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. பிறகு அது தானாகவே நின்றுவிட்டது.

தையலம்மா ரம் வாடை ஆகாதென்று மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டாள். பாட்டிலைத் திறந்து தயாராக அடுப்பு மேல் பலகையில் வைத்தாள். ஒரு கிலோ பிளம்ஸை மிக்ஸியில் திணித்து, மூடியை அழுத்திப் பிடித்து, ஓட விட்டாள். நன்றாகத்தான் ஓடிற்று. அப்போது போன் அடித்தது. நாத்தனார்.

போனை எடுக்க எந்தக் கை போயிற்றோ அந்தக் கைதான் மூடியைப் பிடித்திருந்த கை.

மூடி பறந்தது. பழக்கூழ் கூரைக்குப் போயிற்று. அங்கிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து காலண்டருக்கு, மிச்சம் அவள் முகத்துக்கு. போனில் நாத்தனார், அறை ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாதிக் கூழ் பிழைத்தது. அதை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, பலகைக்குக் கீழே அடுப்பின் மேல் வைத்துவிட்டு, கூரையிலிருந்து சொட்டுவதைத் துடைக்க ஸ்டூல் மேல் ஏறினாள். துணியை வீசித் துடைத்ததில் முழங்கை பலகையில் பட்டது. பாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, தலைகீழாகப் பாத்திரத்துக்குள் இறங்கி, களக் களக் என்று நிதானமாகக் காலியாயிற்று. அவள் ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் கடைசிச் சொட்டும் போய்விட்டது.

சத்தம் கேட்டு வந்த மாமியார் வாசலில் நின்று பாத்திரத்தைப் பார்த்தார், காலிப் பாட்டிலைப் பார்த்தார். "முழுசுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

கணவர் வந்து போனில் தேடிப் படித்தார். இவ்வளவு ரம் சேர்ந்தால் ஜென்மத்துக்கும் உறையாது என்று போட்டிருந்தது. ரம் அதிகமென்றால் பழத்தை அதிகமாக்கினால் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. வீட்டில் பழம் இல்லை. கடைக்கு ஓடி ஆறு திராட்சை ஜூஸ் டப்பா வாங்கி வந்து ஊற்றினார். இனிப்பு போதவில்லை, சர்க்கரை கொட்டினார்கள். திகட்டிற்று, இன்னும் இரண்டு டப்பா ஜூஸ். பாத்திரம் வழிந்தது. குக்கரில் ஊற்றினார்கள், டிபன் டப்பாவில் ஊற்றினார்கள், பூ வைக்கிற கண்ணாடிக் கிண்ணத்தைக்கூட விடவில்லை. அத்தனையும் வைக்க ஃப்ரீசரில் இருந்த மீனும் பட்டாணியும் வெளியே வந்தன. நாத்தனாருக்கென்று வாங்கிய மீன் அது, வெளியிலேயே கிடந்து கெட்டுப்போயிற்று.

இத்தனைக்கும் காரணம் யார்? ஒரு ரப்பர் வளையம். அதைத் திருப்பித் தராத ஒரு கை. தையலம்மா தலைமுடியில் பிளம்ஸ் தோலோடு நின்று இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஃப்ரீசரைத் திறந்தபோது சோர்பே கல்லாக உறைந்திருந்தது. ஸ்பூன் வளைந்தது.

"உறையாதுன்னு போட்டிருந்தானே," என்றார் கணவர்.

"போட்டவன் நம்ம வீட்டு ஃப்ரிஜ்ஜைப் பாத்தானா?"

நாத்தனாரும் அவள் கணவரும் வந்தார்கள். அவர் எதற்கும் தலையாட்டுகிறவர். மீன் இல்லாத சாப்பாட்டை நாத்தனார் மூக்கைச் சுளித்துக்கொண்டு முடித்தாள். தன் இனிப்பைத் திறக்கப் போனவளுக்கு முன்னால் தையலம்மா ஐந்து கிண்ணம் சோர்பேயை வைத்தாள். நாத்தனார் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். பிறகு இன்னொரு வாய்.

"என்னது இது?"

"அதுல ஒரு பாட்டில் ரம் இருக்கு அக்கா," என்று கணவர் உளறிவிட்டார்.

நாத்தனார் ஸ்பூனைக் கீழே வைத்தாள். அவள் கணவர் மட்டும் கண்ணை மூடி நாக்கைச் சப்புக்கொட்டி, "ஒரு துவர்ப்பு அடியில நிக்குது பாரு, அதான் நல்ல சரக்குக்கு அடையாளம். கல்யாணத்துக்கு முன்னாடி சாப்பிட்டது," என்றார். அந்த மனுஷர் கல்யாணத்துக்கு முன்னால் என்னென்ன செய்தார் என்பது நாத்தனாருக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தக் கோபத்திலேயே ஸ்பூனைத் திரும்ப எடுத்தாள். ஒரு கிண்ணம் போய் இரண்டாவதும் வந்தது. வெயில் வேறு. எல்லார் முகமும் சிவந்திருந்தது. மாமியார் மட்டும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சரி," என்று எழுந்தாள் நாத்தனார். "அறையை அளந்துடலாம். உன் டேப்பைக் குடு."

டேப் தையலம்மாவின் கழுத்தில்தான் தொங்கிற்று. தையல்காரியின் அறையைப் பறிக்க அவளுடைய டேப்பையே கேட்கிறாள். தொண்டை வரை வந்த கோபம் இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை. உள்ளே போயிருந்த ரம் அதைப் பிடித்து வெளியே தள்ளிற்று.

"தர மாட்டேன் அண்ணி."

"என்ன?"

"இந்த ஊர்ல பாதிப் பேரை இந்த டேப்பாலதான் அளந்திருக்கேன். என்னை வெளியே போடறதுக்கு இதைத் தர மாட்டேன். அது என் கடை. பிள்ளை வரட்டும், கூடத்துல படுக்கட்டும், சோறு போடறேன். மெஷின் ஒரு அடிகூட நகராது."

கணவர், "அவ குடிச்சிருக்கா அக்கா, தப்பா எடுத்துக்காதே," என்றார். தன் கிண்ணத்தை வழித்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, "நானும் குடிச்சிருக்கேன். அதனால சொல்றேன். அந்த அறை அவளோடது," என்றும் சொன்னார்.

அதற்குள் நாத்தனாரின் கணவர் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஹாஸ்டல் ஃபாரம். பத்து நாளாகப் பையில் இருக்கிறதாம். மகன் கேட்டதே ஹாஸ்டல்தானாம், இவளிடம் சொல்ல இருவருக்கும் பயமாம். நாத்தனார் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், தையலம்மாவைப் பார்த்தாள்.

"அந்த ரப்பர் என் மிக்ஸியிலதான் இருக்கு," என்றாள். "சரியாப் பொருந்திடுச்சு. தர மனசு வரலை."

பிறகு எல்லாரும் சிரித்தார்கள், காரணம் தெரியாமலே. சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கின நாத்தனார், கீழே போய்ச் சேர்ந்ததும் தலையை நிமிர்த்தினாள். "இதெல்லாம் போதையில பேசினது. கணக்குல சேராது. காலையில தெளிஞ்சதும் போன் பண்றேன்."

சாயங்காலம் தையலம்மா குக்கரைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு நாள் வாயைத் திறந்திருக்கிறாள், அதுவும் ரம்மின் கணக்கில் போய்விடுமா? நாளைக்குப் போன் வரும். தெளிந்த நாத்தனார் கேட்பாள். தெளிந்த தையலம்மா என்ன சொல்லப் போகிறாள்? "பிளாஸ்டிக் ஷீட் போட்டுக்கலாம் அண்ணி" என்றா? கண்ணில் நீர் முட்டிற்று. அவள் குக்கரை இன்னும் பலமாகத் தேய்த்தாள்.

மாமியார் வந்து பக்கத்தில் நின்றார். குப்பைக்கூடையிலிருந்து காலிப் பாட்டிலை எடுத்து, குழாயில் அலம்பி, துடைத்து, பலகையில் வைத்தார். பிறகு கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு அவ போன் பண்ணா தைரியமாப் பேசு, ரம்மு என் இருமலுக்குத் தீந்து மூணு வருஷமாச்சு, இதுல இருந்தது நான் வாராவாரம் மாத்தி ஊத்தற டீத்தண்ணி."