கார்க்லின்ஷ் என்றொரு விருந்தாளி

இந்த வருஷம் நடுக்கோடை லீகோ பண்டிகைக்குத் தன் சொந்தக் கட்டிலில்தான் படுப்பது என்று இந்துலிஸ் முடிவு கட்டிவிட்டார். வானம் இடிந்து விழட்டும், பால்டிக் கடல் வற்றிப் போகட்டும், முடிவு முடிவுதான்.

இதில் என்ன பெரிய வீரம் என்று நீங்கள் கேட்கலாம். லாட்வியாவின் குர்சமே கடற்கரையில் வீடு வைத்திருக்கிற எந்த ஆண்மகனையாவது கேட்டுப் பாருங்கள், கண் கலங்கிவிடுவான். ஜூன் பாதி போனதும் வீட்டைத் துடைத்து, ஜன்னலுக்குத் திரை மாட்டி, தலைநகர் ரீகாக்காரர்களுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வலைக் கொட்டகைக்குக் குடிபோவது அந்தக் கரையின் வழக்கம். ஆகஸ்டு கடைசியில்தான் திரும்பிவர முடியும். இந்துலிஸ் இப்படிப் பதினெட்டு கோடைகளைக் கொட்டகையில் கழித்திருந்தார். இடது பக்கம் திரும்பினால் நங்கூரம் இடிக்கும். வலது பக்கம் திரும்பினால் வலையின் தக்கை விலாவில் குத்தும். மல்லாந்து படுத்தால் உத்தரத்தில் தொங்கும் துடுப்பு எப்போது மூக்கில் விழுமோ என்று தூக்கம் வராது.

இத்தனைக்கும் அந்தக் கட்டில் அவர் கையாலேயே செய்தது. கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இழைத்த ஓக் மரக் கட்டில். நாலு பேர் படுத்து உருளலாம். அதில் கோடையானால் ஹாம்பர்க்கிலிருந்து வந்த பல் டாக்டர் உருண்டுகொண்டிருப்பார்.

முதலில் மனைவியிடம் நேர்மையான வழியைத்தான் முயன்று பார்த்தார்.

"வெல்கா, இந்த வருஷம் பெரிய அறைய யாருக்கும் கொடுக்க வேண்டாம்."

"ஏன், இடிஞ்சு விழப்போகுதா?"

"எனக்கு இடுப்பு வலிக்குது."

"ஆவிக்குளியல் போடு. சரியாயிடும்."

"அந்தக் கட்டில நான் செஞ்சேன்!"

"நல்லா செஞ்சிருக்க. அதனாலதான் ஆளுங்க தேடி வர்றாங்க. கோணலா செஞ்சிருந்தா நீயே படுத்திருக்கலாம்."

வெல்காவிடம் பேசி ஜெயித்தவர்கள் அந்த ஊரில் யாருமில்லை. எனவே இந்துலிஸ் பேச்சை நிறுத்திக்கொண்டு மூளையை உபயோகித்தார். தன் கட்டிலைத் தானே வாடகைக்கு எடுத்துவிடுவது என்று தீர்மானித்தார். வேறு பெயரில் பதிவு செய்வது. வெல்காவிடம் நண்பன் ஹெர்பெர்ட்ஸின் படகில் ஐந்து நாள் மீன்பிடிக்கப் போகிறேன் என்று சொல்வது. அப்புறம் பின்பக்கமாக வந்து, அறைக்குள் புகுந்து, தாழ் போட்டுக்கொண்டு, ஐந்து நாளும் தூங்குவது. யோசிக்க யோசிக்க அவருக்கே தன் மீது மரியாதை கூடிக்கொண்டு போனது.

புது மோட்டாருக்கென்று ஒளித்து வைத்திருந்த பணத்தில் முன்பணமும் கட்டிவிட்டார். அடுத்த நாள் வெல்காவின் போனில் செய்தி வந்து விழுந்தது.

வெல்கா அப்போது கொல்லையில் மீனுக்குப் புகைபோடும் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைமீன் அறுத்துக்கொண்டிருந்தாள். கோடையில் அவள் கையில் செதிள் இல்லாத நேரம் கிடையாது. அதனால் விருந்தாளிகளின் கடிதங்களை வாசிப்பதும், அவள் சொல்லச் சொல்லப் பதில் தட்டுவதும் இந்துலிஸின் வேலை. திட்டம் போடும்போது இந்த ஒரு விஷயம் அவருக்கு மறந்து போயிருந்தது.

"என்ன வந்திருக்கு? படி."

இந்துலிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் எழுதியதைத் தானே வாசித்தார். "ஜூன் இருபத்துமூன்று முதல் ஐந்து நாட்கள். தனி ஆள். பெரிய அறை வேண்டும். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிடுங்கள். யாரும் கதவைத் தட்ட வேண்டாம். இப்படிக்கு, கார்க்லின்ஷ், ரீகா."

"யாரு இந்த ஆளு?"

"தெரியல. ஆனா ரொம்பக் கண்ணியமான மனுஷன்."

"அது எப்படித் தெரியும்?"

"எழுத்துலயே தெரியுதே."

"சரி, எழுது. பண்டிகைக்குப் பாலாடைக்கட்டி உண்டு, பீர் உண்டு, புகைபோட்ட மீன் உண்டு. வேற ஏதாவது தேவைப்படுமான்னு கேளு."

இந்துலிஸ் தட்டி அனுப்பினார். மறுகணம் அவருடைய கால்சட்டைப் பைக்குள்ளிருந்து அவர் போன் தவளை மாதிரிக் கத்தியது.

"உன் கால்சட்டை கூப்பிடுது" என்றாள் வெல்கா.

"வானிலை அறிக்கை. மேற்கால காத்து வீசுதாம்."

"நிமிர்ந்து பார்த்தா தெரியுது. இதுக்குப் போய் ஒரு போனா?"

அவர் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஓடிப்போய், கார்க்லின்ஷாக மாறி, பதில் எழுதி, இந்துலிஸாகத் திரும்பி வந்தார்.

"பதில் வந்திருச்சு வெல்கா. பாலாடைக்கட்டியில சோம்பு போட வேண்டாமாம்."

வெல்கா கத்தியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "லீகோ பாலாடைக்கட்டியில சோம்பு வேண்டாமா? இந்த லாட்வியாவுலயே அப்படிச் சொல்ற ஆளு நீ ஒருத்தன்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"உலகத்துல எத்தனையோ விதமான ஆளுங்க."

"அதுவும் சரிதான். உனக்கும் ஒரு ஜோடி இருந்திருக்கான் பாரு." மறுபடியும் குனிந்து மீனை எடுத்துக்கொண்டாள். "தனி ஆளுன்னு போட்டிருக்காரே. கல்யாணம் ஆச்சான்னு கேளு."

"அது நமக்கு எதுக்கு?"

"பக்கத்து வீட்டு மிர்ட்ஸா ஆறு வருஷமா ஒண்டியா இருக்கா. லீகோ அன்னிக்கு யார் தலையில யார் மாலை ஏறும்னு யாருக்குத் தெரியும்? கதவத் தட்ட வேண்டாம்னா அவ ஜன்னலத் தட்டிட்டுப் போறா."

மிர்ட்ஸா ஆறடி உயரம். முப்பது வருஷம் தபால் சைக்கிள் ஓட்டியவள். அவள் தட்டினால் ஜன்னல் மட்டுமல்ல, சுவரும் சேர்ந்து வரும். இந்துலிஸ் விறகுக் குவியலை நோக்கிப் பறந்தார்.

"என்னய்யா அடிக்கடி விறகுக்குப் பின்னால போற? வயிறு சரியில்லையா?"

"விறகு காஞ்சிருக்கான்னு பார்த்தேன்! வெல்கா, அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம். முப்பது வருஷமாச்சாம்."

"அப்ப பொண்டாட்டி எங்க? ஊரே நெருப்பு மூட்டிப் பாட்டு பாடற அன்னிக்கு, பொண்டாட்டிய விட்டுட்டு வந்து இழுத்துப் போர்த்திப் படுக்கிறவன் என்ன ஆம்பளன்னு கேளு."

"விருந்தாளிய அப்படிக் கேக்கலாமா?"

"மரியாதையாதான் கேளேன்."

மரியாதையாகவே கேட்டார். தன்னைத் தானே கேட்டுக்கொண்டாலும் அவருக்குச் சுருக்கென்றது. என்ன ஆம்பளையா? பதினெட்டு வருஷத்து நங்கூரமும் தக்கையும் துடுப்பும் ஒன்றாகச் சேர்ந்து அவர் விரலில் வந்து உட்கார்ந்தன. விறகின் மேல் உட்கார்ந்து கடகடவென்று தட்டினார். திரும்பி வந்து வாசித்தார்.

"அம்மணி, பதினெட்டு வருஷமாக என் மனைவி கோடை வந்தால் எங்கள் கட்டிலை யார் யாருக்கோ கொடுத்துவிடுகிறாள். நான் கொட்டகையில் கிடக்கிறேன். ஐந்தே ஐந்து நாள் ஒரு நல்ல கட்டிலில் கை காலை நீட்டிப் படுக்க ஆசைப்படுகிறேன். இது ஒரு குற்றமா?"

பூனை ஒரு மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது. வெல்கா அதைக்கூட விரட்டவில்லை.

"பாவம்" என்றாள்.

"பாவம்தானே?" இந்துலிஸ் ஆவலாகக் குனிந்தார்.

"ரொம்பப் பாவம். எழுது."

"சொல்லு, சொல்லு."

"ஐயா, அந்தப் பதினெட்டு வருஷமா உங்க பொண்டாட்டி எங்க படுக்கறாங்க?"

இந்துலிஸின் கட்டைவிரல் அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தட்டினார். பையிலே தவளை கத்தியது. இந்தத் தடவை இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

விறகுக் குவியலுக்குப் பின்னால் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெல்கா எங்கே படுக்கிறாள்? கதவோரத்தில். கடல் காற்று இடுக்கு வழியாக நேராக அவள் முதுகில்தான் அடிக்கும். அவர் விழிப்பதற்கு முன்னாலேயே எழுந்துபோய் விருந்தாளிகளுக்குக் காபி போட்டிருப்பாள். அவளுக்கும் இடுப்பு என்று ஒன்று உண்டு என்பது இத்தனை வருஷத்தில் அவர் நினைவுக்கே வந்ததில்லை. வெட்கமாக இருந்தது. 'அவளும் அங்கேதான்' என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

ஆனாலும் முடிவு முடிவுதான். வெட்கப்படுவதைக் கட்டிலில் படுத்துக்கொண்டும் படலாம் அல்லவா?

அவர் வாசித்ததைக் கேட்டு வெல்கா தலையாட்டினாள். "சரி. கார்க்லின்ஷ் பேருக்கு அறை தயார்னு எழுது. இருபத்துமூணாந்தேதி மூணு மணிக்கு. யாரும் தட்ட மாட்டாங்க."

இந்துலிஸுக்குத் தன் காதுகளை நம்ப முடியவில்லை. வெல்காவை ஜெயித்த முதல் மனிதன்!

இருபத்துமூன்றாம் தேதி ஊரெல்லாம் வாசலில் ஓக் இலை கட்டியிருந்தார்கள். எல்லா வீட்டிலும் பீர் பீப்பாயை உருட்டுகிற சத்தம். இந்துலிஸ் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஹெர்பெர்ட்ஸ் படகுல அஞ்சு நாள் போயிட்டு வர்றேன்."

"லீகோ அன்னிக்கா? இன்னிக்கு ஒருத்தனும் கடல் பக்கம் போக மாட்டானே."

"மீனுக்குப் பண்டிகை தெரியுமா?"

"தெரியாதுதான். போயிட்டு வா. இந்தா, ரொட்டி."

வாதமே இல்லை. ரொட்டியில் வெண்ணெய்கூடத் தடவியிருந்தாள். இந்துலிஸ் கம்பீரமாக நடந்து கடற்கரைக்குப் போய், அங்கிருந்து பைன் காட்டுக்குள் நுழைந்து, இரண்டு மணி நேரம் கொசுக்களுக்குச் சாப்பாடு போட்டார். மூன்று அடித்ததும் வேலியோரமாகக் குனிந்து வந்தார். பூந்தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். சாவியைக் காணவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது, வயசாகிறதல்லவா என்று பரிதாபப்பட்டுக்கொண்டே பின்பக்கம் போனார். நல்லவேளை, ஜன்னல் திறந்திருந்தது. ஒரு காலைத் தூக்கி உள்ளே போட்டார். இன்னொரு கால் வெளியே இருந்தது.

"திருடன்னு கத்தட்டுமா, வீட்டுக்காரர்னு வணக்கம் சொல்லட்டுமா?"

கட்டிலின் நட்டநடுவில் வெல்கா படுத்திருந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் உடுத்துகிற நீலக் கவுன். தலையில் காட்டுப்பூ மாலை. பக்கத்தில் ஒரு பெட்டி.

"வெல்கா!"

"யாரையோ நினைச்சுப் பேசறீங்க. நான் திருமதி கார்க்லின்ஷ். ரீகாவுலேர்ந்து வர்றேன்."

"தனி ஆளுன்னுதானே பதிவு?"

"ஆமா. தனியாத்தானே வந்திருக்கேன்? அவர் வரல. கொட்டகையில படுத்துப் படுத்து அவருக்கு அதுவே பழகிப் போச்சு. இடம் மாறினா தூக்கம் வராது. 'நீ போய் ரெஸ்ட் எடு'ன்னு என்னை அனுப்பி வச்சுட்டார். முன்பணம்கூட அவரே கட்டியிருக்கார். தங்கமான மனுஷன்."

"இங்க பாரு, விளையாடாத. கட்டில் அகலமாத்தானே இருக்கு..."

"அய்யய்யோ! விருந்தாளிகிட்ட பேசற பேச்சா இது? வீட்டம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"வீட்டம்மா எங்க?"

"அவங்க அஞ்சு நாள் லீவுல போயிட்டாங்க. எல்லாத்தையும் வீட்டுக்காரர் பார்த்துக்குவார்னு சொன்னாங்க. மாடி அறை ஜெர்மன்காரங்களுக்குக் காலையில ஆறு மணிக்குக் காபி வேணுமாம். கூடையில மீன் அறுக்காம கிடக்காம். எனக்குச் சாயங்காலம் ஆவிக்குளியல். பாலாடைக்கட்டியில சோம்பு தாராளமா இருக்கட்டும். அப்புறம் வீட்டுக்காரரே, கதவ யாரும் தட்ட வேண்டாம்."

ஜன்னல் சட்டத்தில் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டு இந்துலிஸ் எத்தனையோ பதில்களை யோசித்தார். ஆனால் வெல்கா அதற்குள் கண்ணை மூடிவிட்டாள். நடிப்பில்லை, நிஜமாகவே தூங்கிவிட்டாள். வெடித்த குதிகால்கள் இரண்டும் வெள்ளை விரிப்பின் மேல் அகலமாகக் கிடந்தன. பதினெட்டு வருஷத்தில் பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. உள்ளே போட்ட காலைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்துக்கொண்டார்.

அந்த ஐந்து நாளும் இந்துலிஸ் காபி போட்டார், மீன் அறுத்தார், விறகு சுமந்தார், ஜெர்மன்காரக் குழந்தைகளின் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டார். கொட்டகையில் படுத்தால் நங்கூரம் இடிப்பதுகூடத் தெரியவில்லை, அத்தனை அசதி. திருமதி கார்க்லின்ஷ் ஆவிக்குளியல் போட்டாள், நெருப்பைச் சுற்றி மிர்ட்ஸாவோடு பாட்டுப் பாடினாள், மணலில் செருப்பில்லாமல் நடந்தாள். பார்க்கிறபோதெல்லாம் 'வணக்கம் வீட்டுக்காரரே' என்று மரியாதையாகச் சிரித்தாள். பதில் வணக்கம் சொல்லும்போதெல்லாம், நாளை மறுநாள், நாளை, இன்று என்று அவர் மனதுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் முடிந்தால் வீட்டம்மா லீவிலிருந்து வந்துவிடுவாள்.

ஐந்தாம் நாள் காலை பெரிய அறையின் ஜன்னல் திறந்தது.

"வீட்டுக்காரரே! எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சேதி சொல்லணுமே. எனக்கு இந்தக் கட்டில் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன். அவர் சம்மதிப்பாரா? உங்களுக்கும் ஒண்ணும் சிரமமில்லையே?"

இந்துலிஸ் கையிலிருந்த செதிளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, இருவர் சார்பிலும் சம்மதித்தார்.