சுவரில் எழுதிய பாஸ்வேர்டு

நான் ஒரு முட்டாள். ஊர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மலை மேல், பூம்பாறை ரோட்டில் மூன்று அறைகளை டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறேன். சாப்பாடு எங்கள் வீட்டு ஹாலில். சில வருஷம் முன்பு கேமரா, கதவுப் பூட்டு, பல்பு எல்லாவற்றையும் போனில் இயங்குகிற மாதிரி மாட்டினேன். "ரொம்ப சிம்பிள் சார், குழந்தைகூட இயக்கும்" என்றான் விற்றவன். (எவன் வீட்டுக் குழந்தையோ!) பாஸ்வேர்டு பற்றி மூச்சு விடவில்லை.

வைஃபைக்கு வைத்ததையே எல்லாவற்றுக்கும் வைத்தேன். வருகிறவன் எல்லாம் வைஃபை கேட்டு உயிரை வாங்கியதால், பெயின்டரைக் கூப்பிட்டு ஹால் சுவரில் சிவப்பில் எழுதியும் வைத்தேன். கீழேயே என் போன் நம்பர். ஹால் கேமராவுக்குள் நுழைந்து பார்க்க, கேட்க, பேச இந்த இரண்டும் போதும்.

மகள் செலின் தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாத்துக்கும் ஒண்ணே வைக்காதீங்கப்பா. மாத்துங்க."

"பெயின்ட் அடிச்சாச்சு. போயி சோலியப் பாரு."

பிறகு வத்தலக்குண்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. இது அமைய வேண்டும் என்று வீடே ஜெபித்தது. பையன் வீட்டார் தங்களுக்குள் பேசட்டும் என்று ஹாலை விட்டுக் கொஞ்ச நேரம் விலகியிருந்து, காபியோடு திரும்பினேன்.

"நம்மகிட்ட பொய் புரட்டு கெடையாதுங்க" என்று ஆரம்பித்தேன்.

கேமரா பேசியது. "அண்ணே, வெந்நீர் வந்துருச்சா?"

"யாருங்க அது?" என்றார் பையனின் அப்பா.

"ரேடியோங்க."

"ரேடியோ இல்லங்க. வெந்நீர் உண்டுன்னு இவரு சொன்னத நம்பி, மூணு நாளு இங்க பச்சத்தண்ணில குளிச்சவன். கேட்டா, குளிருக்கு வந்தவனுக்கு வெந்நீர் எதுக்குன்னாரு. பாஸ்வேர்டுதான் செவுத்துல கெடக்கே, அதான் எட்டிப் பாத்தேன்."

பையனின் அம்மா கேமராவை அண்ணாந்து பார்த்தார். "அப்ப நாங்க பேசுனது?"

"கேட்டேம்மா. பொண்ணு தங்கம், அப்பனுக்குத்தான் வாயி நீளம்னீங்க."

"ஆள் வச்சு ஒட்டுக் கேக்குறீங்களா?" என்று எழுந்தவர்கள், காபியைத் தொடாமல் போய்விட்டார்கள். நான் சொன்ன எதையும் அவர்கள் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருந்தேன்?

விற்றவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "பாஸ்வேர்டு உங்க பொறுப்பு சார்" என்றான். பெட்டி மேல் 'சிம்பிள்' என்று அத்தனை பெரிதாக அச்சடித்தவனுக்கு, இதை அச்சடிக்க இடமில்லையாம். எத்தனை பேர், எத்தனை நாள் எங்களைப் பார்த்தார்கள்? இன்றுவரை தெரியாது. அந்த ஹாலில்தான் செலின் தினமும் ஜெபிப்பாள். ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

சுவரில் இரண்டு கோட்டிங் அடித்தும் சிவப்பு இன்னும் தெரிகிறது.

செலின் வேறு இடத்தில் கல்யாணமாகித் திண்டுக்கல்லில் இருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வைத்தது அவள்தான். எனக்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை. மனைவி வீட்டில் இல்லாத நாளில், என் வீட்டு வாசலில் பனிமூட்டத்தில் நின்று பெல்லை அழுத்துகிறேன். திண்டுக்கல்லில் இருக்கிற செலின் குரல் பூட்டிலிருந்து வரும்.

"அப்பா, வெந்நீர் வந்துருச்சா?"

"வரலம்மா" என்று உண்மையைச் சொன்னால்தான் கதவு திறக்கும்.