மேனேஜர் கடைசியாக வந்தது 1601-இல்

மூட வேண்டிய லாகின் கணக்குகளின் பட்டியலில் முதல் பெயராக மேனேஜரின் பெயரே வந்து நின்றதும் சர்வர் அக்கா பட்டியலை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள்.

ஆபீஸில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர், பாஸ்வேர்டு, கடைசியாக லாகின் செய்த தேதி என்று சகலத்தையும் வைத்திருக்கும் டைரக்டரி சர்வருக்கு அவள்தான் தாயும் தகப்பனும். தொண்ணூறு நாளாக எட்டிப் பார்க்காதவர்கள் யார் யார் என்று ஸ்கிரிப்ட் என்கிற குட்டி ப்ரோகிராம் எழுதி எடுக்கச் சொல்லி, காலையிலேயே மேனேஜரிடமிருந்து மெயில் வந்திருந்தது. 'மதியம் ஒரு மணிக்குள் பட்டியல் வரட்டும். லீவைப் பற்றி அப்புறம் பார்ப்போம்.'

லீவு! நாலு வருஷத்தில் மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் 'இப்போது வேண்டாம்' என்று திரும்பி வந்த லீவு. இந்தத் தடவை துணிந்து டிக்கெட்டே வாங்கிவிட்டாள். சாயங்காலம் ஐந்து மணி ரயில், நேராகக் கடற்கரை. மகள் நேற்றிலிருந்து நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமலே சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

"மேனேஜர் ஆபீஸ் பக்கமே வர்றதில்லைன்னு ஸ்கிரிப்ட் சொல்லுதுடா."

"தினம் வர்றாரே! இன்னிக்குக்கூட லிஃப்ட்ல என்னைப் பாத்து முறைச்சாரே!"

"இரு, கடைசியா எப்ப லாகின் பண்ணார்னு கேக்கறேன்."

கேட்டாள். சர்வர் கூச்சமே இல்லாமல் பதில் சொன்னது: 1601, ஜனவரி 1.

அவன் நாற்காலியோடு உருண்டு வந்தான். "அக்கா, அவருக்கு வயசு ஜாஸ்திதான். அதுக்காக இவ்வளவா?"

"சர்வரோட காலண்டர் அந்த வருஷத்துலதான் ஆரம்பிக்குது. உள்ள வெறும் பூஜ்யம் இருந்தா இப்படித்தான் காட்டித் தொலைக்கும். மெயில் போட்டா ரெண்டு நிமிஷத்துல பதில் போடற மனுஷன் அவர். கோளாறு என் ஸ்கிரிப்ட்லதான்."

சட்டென்று பொறி தட்டியது. ஆபீஸில் இருப்பது இரண்டு சர்வர். லாகின் நேரத்தை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குறித்து வைக்கும்; ஒன்றுக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியாது. இரண்டையும் கேட்டு, பிந்திய தேதியை எடுத்துக்கொள்ளும்படி ஸ்கிரிப்டை மாற்றினாள். மாற்றிய அவசரத்தில் பெரிது சிறிது குறியைத் திருப்பிப் போட்டுவிட்டாள். பட்டியல் மளமளவென்று ஓட ஆரம்பித்தது.

"ஐயையோ! வேலை செய்யறவங்க எல்லாரும் வந்துட்டாங்கடா!"

"நானுமா?"

"நீ, நான், கீழ செக்யூரிட்டி, ஒருத்தர் பாக்கியில்ல!"

அந்த நேரம் பார்த்துப் புருஷன் போன் செய்தான். "சூட்கேஸ் மூடியாச்சு. நீ மட்டும் வர்றியா, இல்ல உன் சர்வருக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா?"

"வைங்க போனை, நானே நெருப்புல நிக்கறேன்!"

குறியைத் திருப்பினாள். அறுபத்தொரு பேர். உச்சியில் மறுபடியும் மேனேஜர், சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி. பூஜ்யம் இருப்பவர்களை எல்லாம் தள்ளிவிடு என்று ஒரு வரி சேர்த்தாள். மேனேஜர் மாயமானார்! "அப்பாடா!" என்று துள்ளிக் குதித்தவள், குதித்த இடத்திலேயே நின்றாள். பட்டியலில் மிச்சம் பதினேழு பேர்தான். வேலைக்குச் சேர்வதாகச் சொல்லிக் கணக்குத் திறக்க வைத்து, கடைசிவரை வராமலே போன நாற்பத்து மூன்று பேரும் மேனேஜரோடு சேர்ந்து போய்விட்டார்கள். முதலில் மூட வேண்டியதே அவர்களைத்தான். அந்த வரியை அழித்தாள்.

மணி பன்னிரண்டு நாற்பது. சர்வருக்கு அந்த மனுஷனை அடையாளமாவது தெரிகிறதா என்று பார்த்துவிடுவோம். அவர் பெயரைப் போட்டு, வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டோடு, ஒரே ஒரு முறை கதவைத் தட்ட ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதினாள். எழுதிய வரி, திரும்பத் திரும்ப ஓடும் இடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றுக்கு ஐந்தாகத் தட்டியது. ஐந்தாவது தட்டில் மேனேஜரின் கணக்கே பூட்டிக்கொண்டது.

"போச்சு! மேனேஜரையே வெளியில தள்ளிக் கதவைச் சாத்திட்டேன்!"

இரண்டு பேரும் மேனேஜரின் கண்ணாடி அறையிலிருந்து வரப்போகும் கூச்சலுக்காகக் காத்திருந்தார்கள். கூச்சல் வரவில்லை. மெயில்தான் வந்தது. மேனேஜரிடமிருந்து! 'பட்டியல் எங்கே? மணி 12.50 ஆகிறது.'

"அக்கா, கணக்கைப் பூட்டியாச்சுன்னீங்க?"

"பூட்டித்தான் இருக்கு! லாகினே பண்ண முடியாத ஆளு எப்படிடா மெயில் போடறாரு?"

பயம் எல்லாம் பறந்து, திருடனைக் கண்டுபிடித்துவிட்ட உற்சாகம் வந்துவிட்டது அவளுக்கு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே கம்ப்யூட்டர், வாங்கின நாளில் போட்ட பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. அறைக்கு வெளியே மேனேஜரின் உதவியாளர், ஸ்வெட்டர் போட்ட சாதுவான மனிதர், விறுவிறுவென்று எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தாள். 'இன்னும் பத்து நிமிடம்தான்' என்று அவளுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பெயரில்.

"சார், நீங்களா?"

"ஷ்ஷ், மெதுவாம்மா. ஸ்கிரிப்ட் சரியாத்தான் சொல்லியிருக்கு. அவர் இன்னிவரைக்கும் லாகின் பண்ணதே இல்ல. என் லாகின்லேயே அவர் மெயில் பெட்டியும் திறக்கும். ஏழு வருஷமா நான்தான் பாத்துக்கறேன்."

"அப்ப என் லீவு?"

அவர் நாலு எழுத்து தட்டினார். அவள் கையிலிருந்த லேப்டாப் சிணுங்கியது. 'லீவு சரி. சந்தோஷமாகப் போய் வரவும்.' அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. அப்புறம்தான் உறைத்தது.

"மூணு தடவை வேண்டாம்னு திருப்பி அனுப்பினது?"

"அதுவும் நான்தாம்மா. நீங்க ஊர்ல இல்லாத நேரத்துல என் லாகின் பூட்டிக்கிச்சுன்னா, இந்த ஆபீஸுக்கு மேனேஜரே இல்லாம போயிடுவாரே!"