குன்னூருக்காகக் குறைத்த ப்ரஷர்

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய அத்திம்பேருக்கு வைதேகி செய்யும் நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். நீங்களும் அக்காவும் குன்னூர்க் குளிரை வென்று சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வருஷம் உங்கள் கிருகப்பிரவேசத்துக்கு நாங்கள் வந்து சேராததை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை; ஞாயிறன்று பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கும் வராவிட்டால் ஜன்மத்துக்கும் பேச்சில்லை என்று சொல்லிவிட்டாள். நடந்தது இதுதான்: உங்கள் ஷட்டகர், அதாவது என் கணவர், தம் டர்போ காருக்கு வேகம் போதாதென்று யாரிடமோ கொடுத்து இன்ஜினை முறுக்கேற்றி வாங்கிவந்தார். அடையாறில் புலியாகப் பாய்ந்த வண்டி உங்கள் மலையில் ஒன்பதாவது வளைவில் படுத்துவிட்டது.

இம்முறை சைதாப்பேட்டை மெக்கானிக் மெஹபூப் அலியிடம் காட்டினேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னார்: "மேடம், இங்க கடலோரம், காத்து கெட்டியா கீது. மேல போவப் போவ லேசாயிடும். காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்றதுதான் டர்போ; அங்கயும் அதே ப்ரஷர் குடுன்னா அது இன்னா பண்ணும்? தலைதெறிக்க சுத்தி, சூடாயி, படுத்துக்கும். ஏற ஏற ப்ரஷரக் கொறைச்சுக்கினே போவணும்." இருபத்து நான்கு வருஷம் கல்லூரியில் பௌதிகம் நடத்திய நான் இதற்கு இரண்டு கரும்பலகை எடுத்துக்கொண்டிருப்பேன். அதோடு விடாமல் ஏலகிரிக்கே ஓட்டிப்போய், வளைவுக்கு வளைவு நிறுத்தி, லேப்டாப்பைப் பார்த்துத் திருத்தினார். குற்றம் கண்டுபிடிக்கவே பின்சீட்டில் உட்கார்ந்து போனேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு குழப்பம். மெக்கானிக் என்னிடம் ஃபோன் ஸ்பீக்கரில், "மலைக்குப் போறதுக்குள்ள ப்ரஷரக் கொறைச்சே ஆவணும் மேடம், இல்லாட்டி பாதி வழில மூச்சு நின்னுடும்" என்றதை ஹாலில் இருந்த இவர் கேட்டுவிட்டார். எட்டு நாளாக உப்பில்லாத ரசம். நேற்றுத்தான் விஷயம் வெளியே வந்தது.

"கையைக்கூடப் பிடிச்சுப் பாக்காம எப்படிடீ கண்டுபிடிச்சான்?" என்று வியந்தார்.

"ஏன்னா, கண்டுபிடிச்சது காருக்கு!"

ஆகவே கவலை வேண்டாம். சனிக்கிழமை இவர் வண்டி ஓட்ட, இருவரும் வந்துவிடுவோம். அக்காவுக்கு என் அன்பு, மணப்பெண்ணுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
வைதேகி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். உப்பை விட்டதோடு தினசரி ப்ரஷர் மாத்திரையையும் இரண்டாகப் போட்டிருக்கிறார். வண்டியை நான் மட்டும் ஓட்டி வருகிறேன். இவரை ஒரு வாரம் கடல் மட்டத்திலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.