கேப் சாரின் பத்துச் சுற்று

ரயில் கவிழ்ந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர், உலகத்திலேயே, மேற்குத் தாம்பரத்தில் எங்கள் காம்பவுண்டில்தான் குடியிருந்தார். "பாத்தீங்களா தம்பி! அசல் மாதிரியே கவிழ்ந்துச்சு!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்குவார். கவிழ்ந்தது முழ நீளப் பொம்மை ரயில்.

தண்டவாளப் பராமரிப்பு ஆபீஸில் கிளார்க். வெயிலில் கம்பி நீளும் என்று இரண்டு தண்டவாளம் சேரும் இடத்தில் கொஞ்சம் இடைவெளி விடுவார்களே, அதைப் பற்றி ரிப்போர்ட் எழுதி எழுதி, எதைப் பார்த்தாலும் இடைவெளி தேட ஆரம்பித்துவிட்டார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை முட்டினால், "கேப் விடுங்க, மே மாசம்" என்பார். அதனால் ஊருக்கே அவர் கேப் சார்.

அவர் மனைவி ரோஸி அக்கா. அக்காவின் தம்பி அந்தோணிக்குக் கப்பலில் வேலை. அறுபதுகளின் கடைசியில் ஒரு லீவுக்கு வந்தபோது ரயில் செட் ஒன்று கொண்டுவந்தான். ரெடிமேட் தண்டவாளம். துண்டுகளை ஒன்றோடொன்று செருகினால் ஐந்தே நிமிஷத்தில் வட்டம் தயார். ஸ்விட்சைத் தட்டியதும் இன்ஜின் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றியது. ஒரு தடவைகூடத் தடம் புரளவில்லை. காம்பவுண்டே கை தட்டியது. கேப் சார் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான், பிடிக்கலையா?"

"சத்தம் எங்க?"

"என்ன சத்தம்?"

"தடக் தடக்! கேப் விட்டாத்தானே வரும்? அடிக்கட்டையெல்லாம் இவ்ளோ தள்ளித் தள்ளியா இருக்கும்? இதுல பல்லாவரம்கூடப் போய்ச் சேர முடியாதுடா!"

"இது இந்த ரூமைத் தாண்டியே போகாது மச்சான்!"

அந்தோணி கப்பல் ஏறியதும் சார் வேலையை ஆரம்பித்தார். அந்த அருமையான தண்டவாளத்திலிருந்து கம்பிகளை உருவி, விரல் நீளத்துக்கு வெட்டினார். தீக்குச்சிகளைக் கட்டைகளாக அடுக்கினார். பம்மல் குவாரிப் பொடியை ரோஸி அக்காவின் டீ வடிகட்டியில் சலித்து ஜல்லி போட்டார். ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் கரண்ட் போக ஒயர், ஒவ்வொரு இணைப்பிலும் கேப். எல்லாவற்றையும் பதித்த பலகை எட்டடி, வீடோ ஒற்றை அறை. கட்டில் வெளியேறியது. "தற்காலிகமா இருக்கட்டும் தம்பி" என்று என் அறையில் கொண்டுவந்து போட்டார்.

குனிந்து பார்த்தால் அசல் பெருங்களத்தூர் லைன்தான். சத்தமும் வந்தது. தடக், தடக். மூன்றாவது தடக்கில் ரயில் கவிழ்ந்தது.

ஒரு வருஷம் இப்படியே போனது. ரோஸி அக்காவின் பொறுமையும் போனது.

"பாயில படுத்து என் இடுப்பே போச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை பத்து சுத்து ஓடணும். ஒரு தடவை கவிழ்ந்தாலும் பலகை வெளியே, கட்டில் உள்ளே."

மறுபடி லீவில் வந்திருந்த அந்தோணி, "இன்னொரு செட் தண்டவாளம் கொண்டாந்திருக்கேன் மச்சான். ரெடிமேடையே மாட்டிடலாமா?" என்றான்.

"அதுல ஓடினா அது உன் ரயில்" என்றார் சார்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் எல்லோரும் கூடிவிட்டோம். உச்சி வெயிலில் கேப் மூடிக்கொள்ளும், ரயில் விழாது என்பது சாரின் கணக்கு. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பச்சைக் கைக்குட்டையைக் கையில் கொடுத்து, "நீங்கதான் ரயிலுக்கு கார்டு" என்றார் சார். கொடி ஆட்டப் பேச வேண்டியதில்லையே!

நிஜமாகவே விழவில்லை! மூன்று சுற்று, நான்கு சுற்று! ஆனால் சார் விட்டாரா? ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஸ்டேஷன். வளைவில், லைனில் ஆட்கள் வேலை செய்வதாகச் சொல்லி மெதுவாக ஓட்டுவார். டிரைவருக்கு டீ.

"பொம்மைக்கு எதுக்கு மச்சான் டீ? சீக்கிரம் ஓட்டி முடிங்க!"

"ரயில்னா நிக்கணும்டா."

ஒரு சுற்றுக்கு இருபது நிமிஷம். ஒன்பது முடியும்போது மணி மூன்று. பத்தாவதுக்குக் கொடி காட்டினேன். அப்போது கொட்டியது கோடை மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஜில்லிட்டுப்போய் மூலையில் ஒழுகியது. கம்பி சுருங்கியதோ, பலகை ஊறியதோ, வளைவில் ஒரு கேப் வாயைத் திறந்தது.

"சார், நிறுத்துங்க!" நானே கத்திவிட்டேன்.

"நடுவழியில நிறுத்த ரூல் இல்ல தம்பி" என்றார் ஈனக் குரலில். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கவிழப்போகும் ரயிலை அவர் பார்க்க விரும்பாதது அன்றைக்குத்தான்.

ரோஸி அக்கா எழுந்தார். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார். அந்தக் கேப்பில் செருகி, கட்டை விரலால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். அதன் மேல் ஏறியது இன்ஜின். தடக்! மூன்று பெட்டிகளும் பின்னாலேயே வந்து ஸ்டேஷனில் நின்றன.

"பத்து" என்றார் அக்கா.

"அக்கா, இது அழுகுணி ஆட்டம்!" என்றான் அந்தோணி.

"சும்மா இருடா. லைன்ல பழுதுன்னா ஆள் போய்ப் பாக்க மாட்டாங்களா?"

சார் குனிந்து ஊசியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஆனா ரோஸி, கேப் போச்சே" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

பலகை அங்கேயே இருந்தது. சில வருஷம் கழித்து சாருக்கு விழுப்புரத்துக்கு மாற்றல். லாரியில் பலகையை ஏற்றியதும் இடம் தீர்ந்துவிட்டது. "கட்டில் தற்காலிகமா இருக்கட்டும் தம்பி."

இன்னும் இருக்கிறது. கால் ஒன்று லேசாகக் கழன்று, நான் புரண்டு படுத்தால் தடக் தடக் என்கிறது. ஓர் ஆணி அடித்தால் சத்தம் நின்றுவிடும். நான் அடிக்கவில்லை.