உள்ளறைக் கதவு குறித்து மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா டோன் எவரிஸ்டோ அவர்களுக்கு,

மருமகன் நிபால்டோ தலைகுனிந்து எழுதுவது. இங்கே இகீகேயில் உங்கள் மகள் எர்மிண்டாவும் பேத்திகளும் சுகம். உங்கள் மூட்டுவலி தணிந்திருக்க வேண்டுகிறேன். இதைப் படிக்கும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கவும் வேண்டுகிறேன்.

"என்னால வர முடியல. நான் பொறந்த வீட்டுல நீயாவது ஒரு ராத்திரி படு. என் பேரச் சொல்லி உள்ரூம் கதவத் தொட்டுட்டு வா" என்று போனில் சொன்னீர்கள். போனேன் மாமா. வெடியுப்புச் சுரங்கம் மூடி அறுபது வருஷமான ஊரில் காவலாளி லவுத்தாரோ ஒருவர்தான் மனித முகம். இரண்டு கம்பளி நீட்டினார். "பாலைவனக் குளிரு எலும்பத் தின்னுடும், வாங்கிக்கய்யா" என்றார். "நான் யார் மருமகன் தெரியுமா? சுரங்கக்காரன் வீட்டு ரத்தம்!" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த ரத்தம் உங்களுடையது, என்னுடையது இல்லை என்பது நடுராத்திரியில்தான் உறைத்தது. கூரைத் தகரம் படபடன்னு அடிக்குது, கூடவே என் பல்லும் அடிக்குது, ஜெபம் சொன்னேன், பாதியில மறந்துபோச்சு, விரல் மரத்துப்போச்சு, வாசக்கதவ எவனோ எப்பவோ கழட்டிட்டுப் போயிட்டான், மிச்சம் இருந்தது ஒரே ஒரு கதவு. துருப்பிடித்த கீல், இரண்டே உதை. உங்கள் பெயரைச் சொல்லித்தான் உதைத்தேன். அடுப்படியில் அருமையாக எரிந்தது. சுகமாகத் தூங்கியும் விட்டேன், அதுதான் வெட்கம்.

காலையில் டீ கொண்டுவந்த லவுத்தாரோ சாம்பலைப் பார்த்தார்.

"அடப்பாவி! அந்தக் கதவுலதான்யா டோன் எவரிஸ்டோவோட அம்மா ஏழு பிள்ளைங்க உயரத்தையும் கத்தியால கீறி வெச்சிருந்தாங்க. கடைசிப் பிள்ளைக்கு ஒரே கோடு. அதுக்கு மேல அது வளரல."

"எனக்குத் தெரியாதுங்க."

"ஒரு குரல் குடுத்திருந்தா என் கட்டிலையே ஒடச்சுக் குடுத்திருப்பேனே!"

மண்டியிட்டுச் சாம்பலைக் கிளறினேன். கதவின் கீழ்ப்பாதியில் ஒரு சாண் பலகை கருகாமல் இருந்தது. அதில் ஒரு கோடு, பக்கத்தில் 'அன்ஹெல்' என்று எழுத்து. சட்டையில் சுற்றி எடுத்து வந்திருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. மன்னியுங்கள் மாமா.

அத்தைக்கு என் வணக்கம். பேத்திகளுக்கு உங்கள் ஆசி வேண்டும், என் பங்கையும் அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நிபால்டோ

பி.கு.: எர்மிண்டா இதைப் படித்துவிட்டாள். "அப்பா நெஞ்சு தாங்காது. கதவு அப்படியே இருக்குன்னு எழுது" என்கிறாள். ஆகவே, கதவு அப்படியே இருக்கிறது. வீட்டில் வேறு தாள் இல்லை. மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம்.